கூரை கழுவும் மழை

குழாயடியில் குடம் நிரம்பி வழிவதைப் பார்த்தால் அவளுக்கு உடம்பு பதறும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பேச்சு சுவாரசியத்தில் யாராவது குழாயை மூட மறந்து நின்றால் எங்கிருந்தோ ஓடி வருவாள். மூடுவாள். மூடிவிட்டுத் திட்டக்கூட மாட்டாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பாள். இதற்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அக்கா, இங்க என்ன எழவா விழுந்திருக்கு?" என்று ஒருமுறை கேட்டே விட்டேன். அதற்கும் அவள் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எங்கள் எல்லோருக்கும் அவள் கமுதியக்கா. ராமநாதபுரம் பக்கம், கமுதிக்கும் அப்பால் ஏதோ ஒரு ஊரிலிருந்து வந்தவள். பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். நாங்கள் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகள் திருப்பூரில். இவள் மட்டும் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து சுக்கு புடைத்துப் பொறுக்கும் வேலையில் சேர்ந்தாள். நெடுநெடுவென்று உயரம். கை இரண்டும் எப்போதும் இஞ்சி வாசனை அடிக்கும்.

நான் மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவள். அப்பா காலத்தில் தேனிப் பக்கமிருந்து வந்து இங்கேயே ஒட்டிக்கொண்ட குடும்பம். வாசலில் அடுப்பைப் போட்டுக் காலையில் இட்லி, தோசை விற்பேன். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்தை வளர்ந்த பிறகு வீம்புக்குக் கற்றுக்கொண்டேன். இதை எழுதுவதும் பாதி அந்த வீம்புதான்.

எங்கள் காம்பவுண்டு கொச்சங்காடியில், ஒரு பழைய மிளகு குடோனின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் முற்றம், சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், பாதி தமிழ்க் குடும்பங்கள், பாதி மலையாளிகள். இப்போது அங்கே ஒரு ஓட்டலின் கார்கள் நிற்கின்றன. வெளியூர்க்காரர்கள் கொச்சிக்கு வந்தால், எங்கே பார்த்தாலும் தண்ணீர் என்று வாயைப் பிளக்கிறார்கள் அல்லவா, அவர்களை ஒரு மார்ச் மாதம் எங்கள் காம்பவுண்டில் குடி வைத்திருக்க வேண்டும். மேற்கே கடல், கிழக்கே உப்புக் காயல், நடுவில் குடிக்க ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது. கிணற்றில் கை விட்டால் எட்டும், வாயில் விட்டால் உப்பு. கார்ப்பரேஷன் குழாய் இருமும், செருமும், கடைசியில் காற்றை ஊதிவிட்டு நின்றுவிடும். டாங்கர் லாரி சந்துக்குள் நுழையாது. முனையில் நிற்கும். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அவள் வந்து சேர்ந்தது ஜூன் மாதம். முதல் பெருமழை பிடித்த அன்றைக்கு அவள் வீட்டிலிருந்த குடம், சட்டி, சருவம், தூக்குவாளி எல்லாம் முற்றத்துக்கு வந்துவிட்டன. போதாதென்று என் இட்லிக் கொப்பரையை என்னைக் கேட்காமலே எடுத்து வைத்திருந்தாள். எதிர்வீட்டு பாபு சேட்டன் ஆட்டோ ஓட்டுகிறவர், கேலி என்றால் அல்வா அவருக்கு. "சேச்சி, இது கேரளமாணு. இவிடெ மழெக்குப் பஞ்சமில்ல" என்று சொல்லிச் சிரித்தார். நானும்தான் சிரித்தேன். எல்லாப் பாத்திரமும் நிரம்பி வழிய ஆரம்பித்தபோது அவள் நடுவில் குந்தி உட்கார்ந்து, எதை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் நாலு பக்கமும் பார்த்தாள். கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவள் முகம் அது. என் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

ஊர்க்கதை கேட்டால் அவளுக்குக் கோபம் வரும். மற்ற தமிழ்ப் பெண்கள் ஊர், கோயில், கொடை என்று உருகும்போது இவள் எழுந்து போய்விடுவாள். "தண்ணிக்கு நின்னே என் வயசு அங்க போச்சு. அதென்ன ஊரு?" என்பாள்.

சாயாக் கடையில் அவளுக்கும் கடைக்காரருக்கும் தினமும் தகராறு. ஒரு கிளாஸ் கழுவ ஒரு வாளித் தண்ணீரா என்று கேட்பாள். குடித்து முடித்த கிளாஸில் ஒரு மடக்குத் தண்ணீர் விட்டு, சுழற்றி, அதையும் குடித்துவிட்டு வைப்பாள். இனிமேல் கழுவ என்ன இருக்கிறது என்பது அவள் கட்சி. கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். இதெல்லாம் சிரிப்பாக இருந்தது. ஆனால் சிரிக்க முடியாத சங்கதியும் உண்டு. பக்கத்து வீட்டு சபீனா குளித்துக்கொண்டிருக்கும்போது, தண்ணீர் விழும் சத்தம் நிற்காமல் கேட்டதென்று, இவள் தட்டி மறைப்புக்குள் கையை நீட்டிக் குழாயைத் திருகி மூடிவிட்டாள். உள்ளே சபீனா கண்ணெல்லாம் சோப்பு நுரையோடு போட்ட கூச்சலில் காம்பவுண்டே கூடிவிட்டது. சபீனா பாலக்காட்டுப் பக்கத்து ராவுத்தர் வீட்டுப் பெண், சாதுவான பிள்ளை. அவளே ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இவளுக்கோ தான் செய்ததில் என்ன தப்பு என்று கடைசிவரை புரியவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, எங்களுக்குத் தண்ணீர் கிடைத்ததும் அவளால்தான். ஒரு மழைக்காலத்தில் குடோன் கூரையிலிருந்து அருவி மாதிரி கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் விறுவிறுவென்று குடோன் சேட்டிடம் போனாள். நானும் கூடப் போனேன், என்ன ஏழரையை இழுத்து வைப்பாளோ என்று. சேட்டு குஜராத்திக்காரர், தமிழும் கொஞ்சம் புரியும்.

"ஐயா, ஒங்க கூரையில விழுற மழை ஒங்களுக்கு வேணுமா?"

சேட்டு கணக்கிலிருந்து நிமிர்ந்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அப்ப எங்களுக்குக் குடுத்துருங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதே சிரிப்போடு சரியென்றும் சொல்லிவிட்டார். அந்தக் கோடையில் நாங்களே தொட்டி கட்டினோம். சபீனாவின் வீட்டுக்காரர் கொத்தனார், அவர்தான் மேஸ்திரி. நாங்கள் பெண்கள் மணல் சுமந்தோம், பாபு சேட்டன் ஆட்டோவில் சிமெண்டு மூட்டை ஏற்றி வந்தார். கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடத் தகரப் பாத்தி கட்டி, அதிலிருந்து ஒரு குழாயைத் தொட்டிக்கு இறக்கினோம். தமிழனும் மலையாளியும் ஒரு முற்றத்தில் சண்டையில்லாமல் செய்த காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். தொட்டிக்குப் பூட்டு. வீட்டுக்கு ஒரு குடம், குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும். சாவி யாரிடம் என்ற பேச்சே எழவில்லை, எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவளிடமிருந்து அரைக் குடம் அதிகமாக வாங்க யாராலும் முடிந்ததில்லை. நான் மாவாட்ட எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறேன். கல்நெஞ்சக்காரி, அசையவே மாட்டாள்.

கூரைத் தண்ணீருக்கு ஒரு முறை உண்டு. வெயில் காலம் முழுக்கக் குடோன் ஓட்டின் மேல் புறா எச்சமும் காக்கை கொண்டுவந்து போட்ட மீன் முள்ளும் செத்த எலியும் காய்ந்து கிடக்கும். முதல் மழை அதையெல்லாம் கழுவிக்கொண்டு வரும். அந்தத் தண்ணீரை ஓடைக்குத்தான் விட வேண்டும். கூரை சுத்தமாகிப் பளிங்காக வந்த பிறகுதான் தொட்டிக்குத் திருப்பலாம். அதற்காகக் குழாயின் அடியில் ஒரு எல்போவை, வளைந்த குழாய்த் துண்டை, ஒட்டாமல் வைத்திருந்தார் கொத்தனார். இந்தப் பக்கம் திருப்பினால் ஓடை, அந்தப் பக்கம் திருப்பினால் தொட்டி. முதல் வருடங்களில் அவரே மழையில் நனைந்துகொண்டு நின்று பார்த்துத் திருப்புவார். அந்த நேரம் கமுதியக்கா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நல்ல மழை ஓடைக்குப் போவதைப் பார்க்க அவளால் ஆகாது. திருப்பியாகிவிட்டது என்று குரல் கொடுத்தால்தான் வெளியே வருவாள்.

பிறகு கொத்தனார் துபாய்க்குப் போனார். எல்போவும் சாவிக்காரி பொறுப்புக்கு வந்தது. இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை, தானாக நடந்தது. தண்ணீர் சிந்தினால் பதறுகிறவளிடம் தண்ணீரைச் சிந்தவிடும் வேலையைக் கொடுத்தோம். எத்தனை தலை இருந்தது அந்தக் காம்பவுண்டில், ஒரு தலைக்காவது அது உறைத்திருக்க வேண்டாமா? இப்போது நினைத்தாலும் எங்கள் புத்தியை நொந்துகொள்கிறேன்.

அந்த வருடம் வேனல் மழை என்கிற கோடை மழை ஏமாற்றிவிட்டது. சித்திரை விஷுவுக்கு முன்னால் வழக்கமாகப் பெய்கிற இரண்டு மழையும் இல்லை. தொட்டியில் தண்ணீர் முழங்காலுக்கும் கீழே இறங்கியது. கார்ப்பரேஷன் குழாய் எங்கோ உடைந்து, டாங்கர் லாரிதான் கதி என்றானது. அந்தத் தண்ணீரில் சில நாள் பாசி வாசனை வரும். கமுதியக்கா அதை நாக்கில் வைக்க மாட்டாள். எந்தக் குட்டையில் மொண்டதோ என்பாள். தன் பங்குத் தொட்டித் தண்ணீரை வைத்தே நாளை ஓட்டினாள். காலையில் பூட்டைத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்கும்போது அவள் முகம் கறுத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். பேச்சு குறைந்துவிட்டது. அவளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மே மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சடசடவென்று இறங்கியது மழை. காம்பவுண்டே முற்றத்துக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஆட்டம் போட்டன. பாபு சேட்டன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நடு மழையில் நின்றார். நான் அடுப்பு அணைவதுகூடத் தெரியாமல் வாயைத் திறந்து மழை குடித்தேன். கொஞ்ச நேர மழைதான், வந்த வேகத்தில் நின்றுவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் எல்போ எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு கண்ணும் பார்க்கவில்லை.

மறுநாள் கமுதியக்கா வீட்டுக்கு வீடு குடம் நிரப்பித் தந்தாள். மலையாளி வீடுகளில் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிப்பதில்லை, சபீனாவும் அப்படித்தான். எங்களில் சிலருக்குத்தான் பச்சைத் தண்ணீர்ப் பழக்கம். சபீனாவின் மகள் ஐஷுவுக்கு அப்போதுதான் பேச்சு வந்திருந்தது. கமுதியக்கா என்றால் அதற்கு உயிர். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைக் கூப்பிட்டு ஒரு டம்ளர் மழைத்தண்ணீர் கொடுத்திருக்கிறாள். "குடிடி தங்கம், தேனு மாதிரி இருக்கும்" என்றதை நானே என் அடுப்படியிலிருந்து கேட்டேன். கேட்டுவிட்டுத் தோசையைத் திருப்பப் போய்விட்டேன்.

அடுத்த நாள் காலையிலிருந்து குழந்தைக்கு வாந்தியும் பேதியும். மதியத்துக்குள் துணி மாதிரி துவண்டுவிட்டது. கண் உள்ளே போய்விட்டது, அழக்கூடச் சத்தம் வரவில்லை. பாபு சேட்டன் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். அங்கே ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் கை, கால் எல்லாம் தேடினார்களாம். அன்றைக்கே இன்னும் இரண்டு வீட்டில் வயிற்றுப்போக்கு. விஷயத்தைக் கேட்டு வந்த ஆஷா வொர்க்கர் சேச்சி, சுகாதாரத்துக்காக வீடு வீடாக வருகிறவள், குடித்த தண்ணீரில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான், எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தை. டாங்கர்.

மறுநாள் லாரி வந்து முனையில் நின்றதும் பாபு சேட்டன் வண்டிக்குக் குறுக்கே ஆட்டோவை நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரியில் கண் விழித்த கோபம், குழந்தை இன்னும் கண் திறக்காத கோபம் எல்லாம் சேர்ந்து டிரைவரின் சட்டையைப் பிடித்து இறக்கினார். இடக்கொச்சிக்காரப் பையன், மீசை இப்போதுதான் முளைத்திருந்தது. தான் நல்ல இடத்தில்தான் பிடித்து வந்தேன் என்று கெஞ்சினான். யார் காதில் விழுகிறது? சந்தே திரண்டுவிட்டது. எங்கள் காம்பவுண்டு இல்லாத ஆட்களும் வந்து கையை முறுக்கிக்கொண்டு நின்றார்கள். ஒரு அடி விழுந்தால் பிறகு யார் கையும் நிற்காது, அவ்வளவு முறுக்கு.

நான் முற்றத்திலிருந்து ஓடும்போதுதான் அவளைப் பார்த்தேன். கக்கூஸிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். காலையிலிருந்து அவள் அந்தப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் லாரித் தண்ணீரைக் குடிக்க மாட்டாளே.

பின்னாலேயே அவள் வீட்டுக்குள் போனேன். பாயில் சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது.

"அக்கா, லாரித் தண்ணிய நீ தொட மாட்ட. உனக்கெப்படி வயித்தால போகுது?"

"அந்தப் பையன அடிச்சிட்டாகளா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல. இப்ப அடிப்பாங்க. எல்போவ நீ திருப்பினியா, இல்லியா?"

"பாத்துக்கிட்டேதான் நின்னேன். ஓடைக்கு ஓடுது. அம்புட்டும் ஓடுது. தொட்டி அடியில கொஞ்சூண்டு கெடக்கு. இன்னும் ஒரு மழ வருமோ வராதோன்னு இருந்துச்சு. என்னால ஏலலத்தா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை அறைந்திருப்பேன். குழந்தை முகம் கண் முன்னால் நின்றது. அடிப்பாவி, ஒரு டம்ளரை நீயே கூப்பிட்டுக் கொடுத்தாயே என்று கத்த வாய் வந்தது. கத்தவில்லை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ போய்ச் சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றேன்.

"நானே சொல்றேன். கையக் குடு. காலு நிக்க மாட்டேங்குது."

அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டு சந்து முனைக்குப் போனேன். கூட்டம் வழி விட்டது, சாவிக்காரி வருகிறாள், இவளும் நாலு வார்த்தை கேட்கட்டும் என்று. அவள் என் கையை விட்டுவிட்டு லாரியின் டயரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாபு, அவன விடு. கூரைத் தண்ணியத் தொட்டிக்குத் திருப்பினது நான். புள்ளைக்குக் குடுத்ததும் நான்."

மலையாளத்தில் யாரோ மற்றவர்களுக்குச் சொன்னார்கள். பாபு சேட்டனின் கை சட்டையிலிருந்து இறங்கியது. அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் கைலியில் துடைத்துக்கொண்டார். டிரைவர் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறி, இனி இந்தச் சந்துக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். எங்கள் குடங்கள் காலியாகவே முனையில் நின்றன. அவளை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டாமல் ஒவ்வொருவராகத் திரும்பி நடந்தார்கள்.

தொட்டியை என்ன செய்வது என்று சாயங்காலம் பேசினோம். இருக்கிற தண்ணீரைப் பாத்திரம் கழுவவாவது வைத்துக்கொள்ளலாம், டாங்கரும் போய்விட்டதே என்று இரண்டு பேர் சொன்னார்கள். தள்ளி நின்றிருந்த அவள்தான் வேண்டாம் என்றாள். "இருந்தா என்னைக்காவது மொண்டு குடிச்சிருவோம். நானே குடிச்சிருவேன்" என்றாள். சொல்லிவிட்டுத் தானே போய் அடைப்பைப் பிடுங்கினாள். கலங்கல் தண்ணீர் முற்றத்தைத் தாண்டி ஓடைக்கு ஓடியது. இந்த முறை அவள் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை, கடைசிவரை பார்த்தாள். பிறகு அந்த உடம்போடு உள்ளே இறங்கி, பிளீச்சிங் பவுடர் போட்டு, தென்னை மட்டையால் தேய்த்தாள். உதவிக்கு யாரும் போகவில்லை. நானும் போகவில்லை, அவ்வளவு கோபம் இருந்தது எனக்கு. ஏறி வந்ததும் சாவியை என் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள்.

குழந்தை பிழைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கோழிக்குஞ்சு மாதிரி இருந்தது, ஆனாலும் வந்துவிட்டது. வந்ததும் கமுதியக்கா வாசலைப் பார்த்துக் கை நீட்டியது. சபீனா வெடுக்கென்று தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள். கமுதியக்கா சுக்கு வேலைக்குப் போவாள், வருவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். காம்பவுண்டில் அவளோடு பேச்சு நின்றுபோயிற்று. பாபு சேட்டன் எறணாகுளத்தில் தங்கை வீட்டிலிருந்து ஆட்டோவில் கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு கொடுத்தார். அவள் வீட்டு வாசலிலும் ஒன்று வைத்தார். அவள் திருப்பூருக்குப் போய்விடுவாள் என்று எல்லோரும் நினைத்தோம். போகட்டும் என்றுதான் பாதிப் பேர் இருந்தார்கள்.

ஒரு வாரம் போயிருக்கும். மத்தியானம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. நான் போய் எல்போ பக்கத்தில் நின்றேன். காம்பவுண்டு முழுக்க அவரவர் வாசலில் நின்று என்னையே பார்த்தது. மழை இறங்கியது. கூரைத் தண்ணீர் முதலில் கறுப்பாக வந்தது, பிறகு பால் விடாத கட்டன் சாயா நிறத்தில். ஓடை நிரம்பி ஓடியது. கேன் தண்ணீரில் பல் தேய்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. எவ்வளவு போகிறது என்று பார்க்கப் பார்க்க எனக்கே கை அரித்தது. போதும் போலிருக்கிறதே என்று எல்போவில் கை வைத்தேன்.

என் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். இஞ்சி வாசனை.

"இன்னும் கூரை கழுவல" என்றாள் கமுதியக்கா.

மழையில் தொப்பலாக நனைந்து நின்றாள். கையில் ஒரு செம்பு. குழாயில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஓடையில் கொட்டினாள். மறுபடி பிடித்தாள், பார்த்தாள், கொட்டினாள். ஒவ்வொரு முறை கொட்டும்போதும் அவள் தாடை இறுகுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவளை வெறுக்கவும் முடியவில்லை எனக்கு, தொடவும் முடியவில்லை. எனக்குப் பளிங்காகத் தெரிந்த பிறகும் அவள் கொட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு செம்பு பிடித்து, கொட்டாமல், முகர்ந்து பார்த்தாள்.

"இப்பத் திருப்பு" என்றாள்.

திருப்பினேன். தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் கையிலிருந்த செம்பை அண்ணாந்து முழுக்கக் குடித்தாள். பிறகு முற்றத்தைப் பார்த்துத் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நாளைக்கு விடியிற வரைக்கும் இதை யாரும் எடுக்காதீக. நான் குடிச்சிட்டேன். எனக்கு ஒண்ணும் இல்லேன்னா எடுத்துக்கங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டாக்டர் யாராவது கேட்டால் இதெல்லாம் ஒரு சோதனையா என்று சிரிப்பார். எங்களில் யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் விடிந்தது. காம்பவுண்டில் முதலில் திறக்கிற கதவு எப்போதும் அவளுடையதுதான். நான் மாவைக் கரைத்துக்கொண்டு பார்த்தேன், திறக்கவில்லை. பாபு சேட்டன் நேற்றே துடைத்த ஆட்டோவை மறுபடி துடைத்தார். அவர் மனைவி பெருக்கிய இடத்தையே பெருக்கினாள். வெயில் முற்றத்துக்குள் வந்துவிட்டது. கதவு அப்படியே இருந்தது. எல்லோர் கண்ணும் அங்கேதான், ஒருவர் காலும் நகரவில்லை. செத்துகித்துப் போயிருந்தால் என்று நினைத்ததும் மாவுச் சட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

சபீனாதான் போனாள். இடுப்பில் ஐஷு, இன்னொரு கையில் காலிக் குடம். கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தட்டினாள்.

உடனே திறந்தது. கமுதியக்கா தலை வாரி, பொட்டில்லாத நெற்றியில் திருநீறு பூசி, வேலைக்குப் போகிற சேலையில் நின்றாள். சபீனாவின் முகத்தைப் பார்க்காமல், நிலைப்படியைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லத்தா. விடியறதுக்கு முன்னமே எந்திரிச்சிட்டேன். யாராச்சும் வந்து தட்டுவீகளான்னுதான் உள்ளயே உக்காந்திருந்தேன்."

சபீனா இடுப்பிலிருந்த குழந்தையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"இவளப் பிடிங்க அக்கா. நான் தண்ணி எடுத்துட்டு வரேன்."